ஆடம்பரமா, அவசியமா? மலிவான பாட்டுப் பெட்டி பற்றிச் சில எண்ணங்கள்

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் கடைத்தெருக்களில் இன்று ஒரு சிறு பெட்டியைக் காணாத கடை குறைவு. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. ஒரு புறம் ஒலிபெருக்கி, மறு புறம் ரோச் லைட், மேலே கைபிடி. 'சிப்' என்று எமது மக்கள் சொல்லும் மெமரி கார்டைச் சொருகினால் பாடும். 'பென்' போட்டாலும் பாடும். எப்.எம். வானொலியும் கேட்கும். ஒரு தோட்டத் தொழிலாளியின் இரண்டு மூன்று நாட்சம்பளத்துக்குள் வாங்கிவிடலாம். நானுஓயாவைச் சுற்றியுள்ள லயங்களிலும், மரக்கறித் தோட்டங்களிலும், மண்சரிவால் வீடிழந்தோர் தங்கியிருக்கும் இடங்களிலும் இது பரவலாகப் பாவனையில் இருக்கின்றது.

ஆயினும் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்கு என்னென்ன தேவை என்று நிவாரணப் பட்டியல் எழுத உட்காரும்போது இந்தப் பெட்டியின் பெயரை எவரும் சொல்வதில்லை. அரிசி, பருப்பு, பால்மா, பாய், போர்வை, சட்டி பானை என்று பட்டியல் நீளும். யாராவது ஒருவர் வானொலியைக் குறிப்பிட்டால், "சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்தில் பாட்டுக் கேட்கவா போகிறார்கள்?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். இக்கட்டுரையில் அதற்குப் பதில் சொல்ல முயல்கின்றோம். இப்பெட்டியைச் சில மாதங்கள் பாவித்துப் பார்த்ததில் கண்ட நிறைகுறைகளையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கின்றோம்.

நேற்றைய பெட்டிகள்

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் ஆரம்பமானது. அன்றைய வானொலிப் பெட்டி பெரியது, விலை கூடியது, மின்சாரம் வேண்டியது. தோட்டத்தில் அது துரையின் பங்களாவில் இருந்தது, லயத்தில் இருக்கவில்லை. லயத்தில் இருந்தது தப்பு. அதிகாலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டியது அதுதான். காமன் கூத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒலித்ததும் அதுதான்.

1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் அதைக் கொண்டு செய்த சிறு வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர்தான் மின்சாரம் இல்லாத லயக் காம்பராவுக்குள்ளும் பற்றரி வானொலி நுழைய முடிந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கெசட்டை அறிமுகப்படுத்தியது. 1979இல் சோனி நிறுவனம் 'வோக்மன்' என்ற பெயரில், இடுப்பில் சொருகிக்கொண்டு நடக்கக்கூடிய கெசட் பெட்டியை வெளியிட்டது. எமது நாட்டில் 1980களில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வரும்போது வானொலியும் கெசட்டும் ஒன்றாயிருந்த 'டூ இன் வன்' பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் பாட்டுப் பெட்டி.

1990களில் எம்.பி.3 என்ற முறை வந்தது. ஒலியைச் சுருக்கிச் சிறிய இடத்துக்குள் அடைக்கும் இந்த முறையில் ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1998இல் தென்கொரிய நிறுவனமொன்று இம்முறையில் பாடும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று எமது கடைத்தெருவில் தொங்கும் பெட்டி அந்த வழியில் வந்ததே. கணக்கு ஒன்று பாருங்கள். ஒரு மணி நேரக் கெசட்டில் ஏறக்குறைய 15 பாட்டுகள் அடங்கும். விரல் நகமளவான 8 ஜீ.பி. சிப் ஒன்றில், சாதாரண தரத்தில், ஏறக்குறைய 2,000 பாட்டுகள் அடங்கும். 130க்கு மேற்பட்ட கெசட்டுகள் ஒரு நகத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன!

வீட்டை விட்டு ஓடும்போது ஒலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் எம்மிடையே உண்டு. 1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள், பின்னர் போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அப்போது மக்கள் என்ன செய்தார்கள்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தால் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 1991இல், இங்கிலாந்தில் ட்ரெவர் பேலிஸ் என்பவர் கையால் முறுக்கி இயக்கும் வானொலியை உருவாக்க முனைந்தார். ஆபிரிக்காவில் எயிட்ஸ் நோய் பற்றிய செய்தி, பற்றரி வாங்க வசதியற்ற மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். உலகம் அவரைப் பாராட்டியது, பாராட்டத்தான் வேண்டும். எமது மக்களின் சைக்கிள் வானொலிக்குக் கண்டுபிடிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. பசியோடு இருந்தவர்களும் செய்திக்காக மிதியைச் சுற்றினார்கள் என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது. "சாப்பாடா, வானொலியா?" என்று கேட்போருக்கு அவர்கள் அன்றே பதில் சொல்லிவிட்டார்கள்.

பாவித்துப் பார்த்ததில் கண்டவை

முதலில் நல்லதைச் சொல்வோம். ஒலி தெளிவாக இருக்கின்றது. பேச்சும் பழைய பாட்டும் நன்றாகக் கேட்கின்றன. ஒரு காம்பராவுக்கு அரைச் சத்தமே தாராளம். காலையில் பெரட்டுக்கு முன் சிறிது நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று கேட்டால் ஒரு முறை ஏற்றிய பற்றரி இரண்டு நாட்கள் தாங்குகின்றது. ரோச் லைட் உண்மையிலேயே பயன்படுகின்றது. இரவில் பீலிக்கரைக்கோ கழிவறைக்கோ போகும் பெண்களுக்கு அது ஒரு பாதுகாப்பு.

இனிக் குறைகள். பல பெட்டிகளில் ஒரே பொத்தானைச் சற்று அழுத்தினால் அடுத்த பாட்டு, நீண்ட நேரம் அழுத்தினால் சத்தம் கூடும். வயதானவர்கள் இதனால் தடுமாறுகின்றார்கள். பெட்டியை இயக்கியதும் உரத்த குரலில் ஆங்கிலத்திலோ சீன மொழியிலோ ஏதோ அறிவிக்கின்றது. விடியற்காலையில் அடுத்த காம்பராக் குழந்தையும் எழுந்துவிடும். வண்ண விளக்குகள் மின்னுகின்றன; அவை பற்றரியைத் தின்பதைத் தவிர வேறு பயன் எதையும் நாம் காணவில்லை. மின்னேற்றும் வயர் சொருகும் துளைதான் முதலில் பழுதாகின்றது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. பற்றரி கழற்றி மாற்றக்கூடியதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் பழைய நோக்கியா கைத்தொலைபேசிகளில் இருந்த பிஎல்-5சி என்ற பற்றரி பொருந்தும். அது பெரும்பாலான தொலைபேசிக் கடைகளில் கிடைக்கும். ஒட்டி மூடிய பெட்டியில் பற்றரி செத்தால் பெட்டியே குப்பைதான்.

2. இழுத்து நீட்டும் அன்ரனா உள்ளதையே வாங்குங்கள். அது இல்லாத பெட்டிகளில் மின்னேற்றும் வயரே அன்ரனாவாக வேலை செய்ய வேண்டியுள்ளது. எப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கே நின்றால் மறைந்துவிடும். ஒரு லயத்தில் தெளிவாகக் கேட்கும் நிலையம் அடுத்த பள்ளத்தில் இரைச்சலாகலாம். ஆகவே அயலவரின் பெட்டியை உங்கள் வீட்டில் ஒரு முறை கேட்டுப் பார்த்த பின் வாங்குவது நல்லது.

3. சிப் வாங்கும்போது விழிப்பாயிருங்கள். மேலே 32 என்று அச்சிட்டு உள்ளே மிகக் குறைவாக இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. உத்தரவாதம் தரும் கடையில் வாங்குங்கள். 8 ஜீ.பி.யே ஒரு குடும்பத்துக்குப் போதும்.

4. கடன்பட்டு வாங்காதீர்கள். தவணைக்கு வாங்கினால் மலிவுப் பொருளும் விலை கூடிய பொருளாகிவிடும்.

கைத்தொலைபேசி போதாதா?

"இப்போதுதான் எல்லாரிடமும் போன் இருக்கிறதே, அதிலேயே பாட்டுக் கேட்கலாமே" என்று இளைஞர்கள் கேட்கின்றார்கள். கேட்கலாம்தான். ஆனால் தொலைபேசி ஒருவருடைய பொருள். பாட்டுப் பெட்டி வீட்டுடைய பொருள். மகன் வேலைக்குப் போகும்போது தொலைபேசியும் அவனோடு போய்விடும். வீட்டில் இருக்கும் ஆச்சிக்கு என்ன இருக்கின்றது? கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருக்கும் ஒரு தாய், தொலைபேசியின் பற்றரியைப் பாட்டில் செலவழிக்கத் துணிய மாட்டார். இணையத்தில் பாட்டுக் கேட்டால் டேட்டாக் காசும் கரையும். சிப்பிலிருந்தும் எப்.எம்.மிலிருந்தும் கேட்கும் பாட்டுக்கு மாதக் கட்டணம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் கண் மங்கியவருக்கும் தொடுதிரை ஒரு சுவர். பொத்தான் அப்படியல்ல, விரலே படித்துக்கொள்ளும். இந்தியாவில் 2017இல் சரிகம நிறுவனம் பழைய வானொலி உருவத்தில், 5,000 பாட்டுகளை உள்ளேயே வைத்து, 'கார்வான்' என்ற பெட்டியை வெளியிட்டது. கைத்தொலைபேசி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலத்திலும் அது நன்றாக விற்பனையாயிற்று. தமிழ்ப் பாட்டுகளுடனும் வந்தது. எமது மக்களின் கைக்கு அது விலை கூடியதுதான். ஆயினும் முதியவர்களுக்குத் தேவையானது புதுமையல்ல, எளிமையே என்பதை அது காட்டியது.

மழைக்காலத்தில் ஒரு குரல்

பாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இப்பெட்டியிலுள்ள வானொலியைப் பற்றிப் பேசுவோம். உயிரோடு தொடர்புடைய விடயம் இதுவே.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாட்டைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் மண்சரிவால் பெரும் அழிவைக் கண்டன. பல இடங்களில் மின்சாரம் நின்றது, வீதி அறுந்தது, தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. தொலைபேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை அந்த நாட்களில் பலரும் உணர்ந்தார்கள். கோபுரம் ஓய்ந்தால் கையிலிருக்கும் விலை கூடிய தொலைபேசியும் வெறும் விளக்குத்தான்.

வானொலியின் வழி வேறு. தொலைவிலுள்ள ஒரு கோபுரம் இயங்கினாலே பல பள்ளத்தாக்குகளுக்குக் குரல் வரும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவைகளும் 'தென்றலும்', தனியார் துறையில் 'சூரியன்', 'சக்தி' முதலியனவும் தமிழில் செய்தி சொல்கின்றன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டங்களாக வெளியிடுகின்றது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். உங்கள் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் சிவப்புப் பட்டியலில் வாசிக்கப்படுவதை நள்ளிரவில் கேட்க வீட்டில் ஒரு காது வேண்டும். அந்தக் காது பற்றரியில் இயங்கும் வானொலியே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் பெட்டியின் பின்புறத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஆகவே ஒரு வழக்கத்தைச் சிபாரிசு செய்கின்றோம். கடும் மழை தொடங்கியதும் பாட்டை நிறுத்துங்கள். பற்றரியை முழுமையாக ஏற்றிவையுங்கள். மணிக்கு ஒரு முறை செய்திக்காக மட்டும் வானொலியைத் திறவுங்கள். ஐந்தாறு குடும்பங்கள் முறைவைத்துக் கேட்டால் எவருடைய பற்றரியும் தீராது, எவரும் இரவு முழுவதும் விழித்திருக்கவும் தேவையில்லை.

விவசாயிக்கு வானொலி கற்றுக்கொடுத்த வரலாறும் உண்டு. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டீ. 27 என்ற புதிய நெல்லைப் பற்றி விவசாயிகள் திருச்சி வானொலியின் மூலம் அறிந்து பயிரிட்டார்கள். அதனால் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. எமது மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட மக்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. அதன் வழியில் 1989இல் கொத்மலை சமூக வானொலி பிறந்தது. தயாரிப்பாளர்கள் கிராமத்துக்கு வந்து மக்களின் குரலையே பதிவுசெய்து ஒலிபரப்பினார்கள். வீடிழந்து காணியிழந்தோர்க்குச் சொல்வதற்கும் ஏதோ இருக்கின்றது என்பதை ஏற்றுக்கொண்ட முயற்சி அது. பெரும்பாலும் சிங்களத்தில் நடந்த அம்முயற்சிக்கு ஈடாகத் தோட்டத் தமிழ் மக்களுக்கும் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எமக்கு உண்டு.

நம்முடைய குரல் எங்கே?

இப்பெட்டிகளில் ஒலிப்பவற்றைக் கவனித்தால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு, கோவில் பாட்டு, தேவாலயப் பாட்டு. அவற்றில் குறையொன்றுமில்லை, உழைத்துக் களைத்த உடலுக்கு அவை மருந்து. எனினும் கடையில் 'சிப்' நிரப்பித் தருபவர் எமது பாட்டை நிரப்புவதில்லை. அது அவரிடம் இல்லை. ஆச்சியிடம்தான் இருக்கின்றது.

தேயிலை மலையில் தாலாட்டு உண்டு, கும்மி உண்டு, தெம்மாங்கு உண்டு, ஒப்பாரி உண்டு. கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டும், கப்பலேறி வந்த துயரைச் சொல்லும் பாட்டும் உண்டு. மீனாட்சியம்மை நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் மத்தியில் உரிமைப் பாட்டுகளை எழுதிப் பாடி விழிப்பூட்டினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர்கள் காலத்தில் பதிவுக் கருவி அரிய பொருள். இன்று அது ஒவ்வோர் இளைஞனின் சட்டைப் பையிலும் உள்ளது.

இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதியவர்களிடம் உட்காருங்கள். அவர்களின் சம்மதத்தோடு பாட்டையும் கதையையும் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பதிவைச் சிப்பில் ஏற்றி, அதே ஆச்சியின் வீட்டுப் பெட்டியில் போட்டுக் காட்டுங்கள். ஒரு பிரதியை நூலகத்திலோ பாடசாலையிலோ வையுங்கள். இடம்பெயர்ந்த மக்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். மண் சரிந்தால் வீட்டைத் திரும்பக் கட்டலாம். பாட்டி போய்விட்டால் பாட்டைத் திரும்பக் கட்ட முடியாது.

சில எச்சரிக்கைகள்

லயத்தின் சுவர் மெல்லியது. தற்காலிக முகாமில் சுவரே இல்லை. ஒரு குடும்பத்தின் பாட்டு அடுத்த குடும்பத்தின் தலைவலியாகக் கூடாது. இரவு ஒன்பது மணிக்குப் பின் பெட்டி ஓய வேண்டும், பரீட்சைக் காலத்தில் அதற்கும் முன்னரே ஓய வேண்டும் என்று முகாமில் உள்ளோரே கூடித் தீர்மானித்தால் சண்டைக்கு இடமிராது. சாவு வீடு இருக்கும் லயத்தில் பெட்டியைத் திறக்காதிருப்பது நாம் சொல்லித்தர வேண்டிய வழக்கமல்ல, மக்கள் அறிந்ததே.

காதில் சொருகிக் கேட்பவர்கள் அளவறிந்து கேட்க வேண்டும். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்கான எல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். எளிதாகச் சொன்னால், பக்கத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்காவிட்டால் சத்தம் கூடிவிட்டது என்று பொருள். இன்னொன்று: நானுஓயாவில் ரயில் பாதையைக் குறுக்கு வழியாகப் பாவிப்போர் பலர். தண்டவாளத்தில் நடப்பதே ஆபத்து. காதை அடைத்துக்கொண்டு நடப்பது உயிரோடு விளையாடுவது.

பற்றரி உப்பியிருந்தால் அப்பெட்டியைப் பாவிக்காதீர்கள், மின்னேற்றாதீர்கள். நனைந்த பெட்டியை அடுப்புக்கு மேல் காயவைக்காதீர்கள். எமது பிரதேசத்தின் மழையிலும் பனியிலும் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. லித்தியம் பற்றரி சூட்டில் வெடித்துத் தீப்பிடிக்கக் கூடியது. செத்த பற்றரியை மரக்கறிப் பாத்தியிலோ பீலிக்கரையிலோ எறியாதீர்கள்.

நாம் கேட்பது

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். அரிசிக்கும் பால்மாவுக்கும் முன்னால் பாட்டுப் பெட்டியை வைக்கும்படி நாம் கேட்கவில்லை. முதல் வாரத்தில் உணவு, உடை, மருந்து. ஆனால் முதல் நாளிலேயே ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் பற்றரியில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டி வேண்டும். வீதி திறந்ததா, பாடசாலை எப்போது, எந்த மலைக்கு எச்சரிக்கை என்பதை மக்கள் தமிழில், தம் காதால் கேட்க வேண்டும். யாரோ ஒரு தலைவர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய நிலை கூடாது. மக்கள் சொந்த இடத்துக்கோ புதிய இடத்துக்கோ போகும்போது குடும்பத்துக்கு ஒன்று வேண்டும். நிவாரணம் திரட்டும் அமைப்புகள் தமது பட்டியலில் இதையும் சேர்க்கட்டும்.

அதேவேளை, ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எவரும் கைகழுவக் கூடாது. பாதுகாப்பான காணி, அக்காணிக்கு உறுதி, குடியிருக்க வீடு, பயிர் செய்ய நிலம் என்பவை இம்மக்களின் உரிமைகள். 7 பேர்ச்சஸ் காணிக்கே தலைமுறைகள் காத்திருந்த மக்கள் இவர்கள். பாட்டு அந்தக் கோரிக்கையைத் தூங்கவைக்கும் தாலாட்டாகிவிடக் கூடாது.

வாசக நண்பர்களே, உங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருந்தால் இன்றே மூன்று காரியம் செய்யுங்கள். தெளிவாகக் கேட்கும் தமிழ் நிலையம் எதுவென்று கண்டு வையுங்கள். மழைக்காலத்துக்கென்று ஒரு பற்றரியை ஒதுக்கி வையுங்கள். வீட்டில் மூத்தவரிடம் ஒரு பாட்டைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். செலவு சொற்பம். தேவைப்படும் நாளில் அதன் பெறுமதி உங்களுக்கே தெரியும்.